சபைக்கு அங்கத்தவரைச் சேர்த்தலும் சேர்ந்தாரை நிலைபெறுவித்தலும்

சைவசமய பரிபாலனத்தின் பொருட்டுப் பலர் ஒருங்குகூடி, தமக்குள் ஒரு நியமம் வகுத்துக்கொண்டு, அந்நியமத்தின்வழி ஒழுகுங் கூட்டமே சபையெனப்படும். மண்டபம் சபையன்று, முத்திரையும் பதிவிலக்கமும் வங்கிக் கணக்கும் சபையாகா. இவை யாவும் இருக்கவே சபை இறந்துபட்ட ஊர்கள் பலவற்றை நம் வாசகர்கள் அறிவார்கள். வாசிகசாலைக் கதவு பூட்டிக் கிடக்கும். உள்ளே ஸ்தாபகர்களுடைய படங்களின்மேற் பழமாலை காய்ந்து தொங்கும். கூட்ட நடப்பெண் 15 என்று பிரமாணங் கூற, வந்தோர் 9 பேரே என்று காரியதரிசியார் குறிப்பெழுதிக் கையொப்பமிட்டு வீடு செல்வார். அவ்வொன்பதின்மருள்ளும் 60 வயதுக்குக் குறைந்தாரைக் காண்டல் அரிது.

இந்நிலைக்குப் பரிகாரம் யாதென்று வினாவினால், ஆட்களைச் சேர்க்கவேண்டும் என்பதே எவ்விடத்தும் விடையாக வருகின்றது. அது பாதி விடையேயாம். ஆட்குறைவு ஒரு நோய். தகாதாரைச் சேர்த்துக்கொள்ளுதல் மற்றொரு நோய். முன்னையதற்கு அவசரப்பட்டுச் செய்யும் மருந்தே பின்னையதை விளைவிக்கின்றது. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், உத்தியோகம் வேண்டிய ஒருவர் தங் கைப்பணத்தாலேயே சந்தாக் கட்டி 30 பேரைப் பதிவிற் சேர்ப்பிப்பார். அவர்களும் வருவார்கள், கை உயர்த்துவார்கள், அடுத்த தெரிவு வருமளவும் சபை அவர்கள் முகத்தைக் காணாது. கோயிற் பரிபாலனமும் அச்சபையின் கையில் இருக்குமாயிற் கேடு இரட்டிக்கும். இரு கட்சியாரும் நீதித்தலம் ஏறுவார்கள். சுவாமிக்கு நெய்விளக்கேற்ற வேண்டிய பணம் நியாயதுரந்தரர்களின் கையிற் சேரும். ஆதலின் தொகையையும் தகுதியையும் ஒருசேர நோக்கியே இவ்விஷயத்தை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, அடியார் கூட்டத்தின் இலக்கணம் நமது சமயத்தில் எவ்வாறு கொள்ளப்பட்டதென்பதை நோக்குவாம். திருவாரூரிலே தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் குழுமியிருந்தார்கள். சுந்தரமூர்த்தி நாயனார், இவர்களுக்கு அடியனாகும் நாள் எந்நாளோ என்று உள்ளத்தால் நினைந்துகொண்டு, புறத்தே வணங்காது ஒருவாறு ஒதுங்கிச் சென்றார். அதனைக் கண்ட விறன்மிண்ட நாயனார், அடியாரை வணங்காத வன்றொண்டர் அக்கூட்டத்துக்குப் புறம்பு என்றும், அவரை ஆட்கொண்ட பெருமானும் புறம்பு என்றுங் கூறினார். அதன்மேற் பரமசிவனது திருவருள் பெற்றுச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையைப் பாடியருளினார். தம்பிரான்றோழர் என்னும் பெருமையுடையாரும் கூட்டத்துள் நிற்கும் எளிய அடியாரை வணங்கியே உட்புகவேண்டும் என்பது இச்சரித்திரத்தால் விளங்கும். இக்காலத்துச் சபைகளோ வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை அனுப்பினார் என்பதொன்றே காரணமாக ஒருவரைப் போஷகராக்கி, அவர் ஒருநாளும் வந்து அமராத மண்டபத்தில் அவர் படத்தை மாட்டிவிடுகின்றன. பொருளுதவியை நாம் இகழ்கின்றோமல்லேம். உதவியவருக்கு நன்றி கூறும் வழி வேறு. அவரை அங்கத்தவராக்கும் வழி வேறு.

அத்தொகையிற் போற்றப்பட்டோர் யாவர்? மட்கலம் வனைந்தவர், துணி வெளுத்தவர், எண்ணெய் ஆட்டி விற்றவர், நெசவு செய்தவர், மீன்பிடித்தவர், வேட்டையாடியவர், யாழ் வாசித்தவர், அந்தணர், வணிகர், வேளாளர், அரசர் ஆகிய எல்லாரும் அறுபத்துமூவருள் இருக்கின்றனர். காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவர் பெண்பாலார். இவர்களை ஒரு வரிசையில் நிறுத்தியது குலமன்று, கல்வியன்று, செல்வமன்று. இடையறாத தொண்டு ஒன்றேயாம். இவ்வளவில் நிற்காது, தொகையடியார் ஒன்பது கூட்டத்தாருள் அப்பாலுமடிச்சார்ந்தார் என்று ஒரு கூட்டத்தையும் வைத்தார்கள். தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலும், அத்தொண்டர்களுடைய காலத்துக்கு முன்னும் பின்னும் திருவடி சார்ந்தோர் யாவரும் அதனுள் அடங்குவர் என்பது சேக்கிழார் சுவாமிகள் காட்டிய பொருள். பெயரேடு எழுதி முடித்தபின்னரும் ஒரு பக்கத்தை வெறிதாக விட்டுவைத்தாற் போல்வது இது.

இனி, நம்மவர் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசவேண்டியிருக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சைவசபைகள் பலவற்றின் கதவு ஏட்டளவில் எல்லார்க்குந் திறந்திருப்பினும், நடைமுறையில் ஒருசில குடிகளுக்கே திறந்திருந்தது. நாவலரவர்களுந் தமது காலத்துச் சாதியாசாரத்தை வற்புறுத்தியவர்களே என்பதை மறைத்தலால் அவர்களுக்கு யாம் செய்யும் மரியாதை ஒன்றுமில்லை. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்தின் பொருட்டு நிகழ்ந்தவை யாவும் ஊரறிந்தவை. இன்று கோயில்கள் பல திறந்துவிட்டன. சபைகளின் நிலை யாது? தண்ணீர்ப்பந்தலுக்குத் தண்ணீர் சுமக்கவும், வீதி கூட்டவும், தேர்வடம் பிடிக்கவும் வருகின்ற இளைஞருட் சிலருக்கு அங்கத்துவ விண்ணப்பம் என்று ஒன்றுண்டென்பதே சொல்லப்படுவதில்லை. மறுக்கப்பட்டால் அவர் வழக்காடலாம். சொல்லப்படாதொழிந்தால் யாது செய்வார்? ஆட்கள் இல்லையென்று முறையிடுஞ் சபையார் முதலிலே தம்முடைய பதிவேட்டைத் திறந்து, ஊரின் எந்தெந்த ஒழுங்கையிலிருந்து ஒருவரேனும் அதில் இல்லை என்று எண்ணிப் பார்க்கக்கடவர். இது சீர்திருத்தத்துக்காக மாத்திரம் சொல்லப்படுவதன்று. ஊரிற் பாதியை விலக்கிவைத்துவிட்டு மறுபாதியிற் பெரும்பங்கினர் கொழும்பிலும் கடல்கடந்த தேசங்களிலும் இருக்க, எஞ்சியவரைக் கொண்டு மாத்திரம் சபை நடாத்தல் கணக்கினாலும் இயலாது.

பெண்பாலார் விஷயமும் இத்தன்மையதே. பண்ணோடு தேவாரம் ஓதுவோரும், அறநெறிப் பாடசாலையிற் பிள்ளைகளுக்குப் படிப்பிப்போரும், மாலை கட்டுவோரும் பெரும்பாலும் அவர்களே. நிர்வாக சபையில் அவர்களைக் காணோம். மாதர் பிரிவு என்று ஒன்றை வைத்துச் சிற்றுண்டி ஆயத்தம் செய்யும் பொறுப்பை அதற்குக் கொடுத்துவிடுதல் போதுமென்று எண்ணுவோர், மங்கையர்க்கரசியார் பாண்டிநாட்டிற் செய்தது யாதென்பதை மறுபடியும் வாசிப்பாராக.

அடுத்து, முன்னோர் எவ்வாறு ஆட்களைத் திரட்டினார்கள் என்று பார்ப்போம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் தேதி வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. நல்லூர்க் கார்த்திகேயையரவர்களும் உடனின்று பிரசங்கித்தார்கள். 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. பின்னர் அச்சியந்திரம் வந்தது. பாலபாடமும் சைவவினாவிடையும் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. பஞ்சம் வந்தபோது 1877 இலே கஞ்சித்தொட்டித் தருமம் நடந்தது. இத்துணைக் காலத்திலும் விண்ணப்பப் பத்திரம் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்துச் சபைக்கு ஆள் சேர்க்கவேண்டும் என்று நாவலரவர்கள் ஓடித்திரிந்திலர். வேலை நடந்தது, வேலையைச் சுற்றி மனிதர் சேர்ந்தனர், வித்தியாசாலையிற் படித்தோர் பலர் உபாத்தியாயர்களாயினர், பிரசங்கிகளாயினர். 1879 இல் அவர்கள் சிவபதமடைந்து ஒன்பது வருஷங் கழித்து, 1888 ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை யாழ்ப்பாணத்தில் தாபிக்கப்பட்டது. 1889 இற் பத்திரிகை பிறந்தது. 1890 இல் இந்துக் கல்லூரி அச்சபையின் பரிபாலனத்தில் நடைபெறலாயிற்று. சபை தோன்றி இரண்டு வருஷத்துள் ஒரு பத்திரிகையையும் ஒரு கல்லூரியையும் தாங்கவல்லதாய் இருந்ததென்றால், அதனைத் தாங்கியோர் அவ்விரண்டு வருஷத்திற் கிடைத்தவர்கள் அல்லர். அதற்கு முற்பட்ட நாற்பது வருஷத்து வேலையில் விளைந்தவர்கள்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், முன்னே வேலை, பின்னே அங்கத்துவம் என்பதேயாம். நாமோ இம்முறையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் ஒருவரைச் சேர்த்து, பற்றுச்சீட்டுக் கொடுத்து, பின்னர் இவருக்கு என்ன வேலை கொடுப்போம் என்று யோசிக்கின்றோம்; பெரும்பாலும் யோசிப்பதுமில்லை.

வேலையினூடே மனிதரை உருவாக்கும் முறை ஒன்று நம் கிராமங்களில் இருந்தது. அது புராணபடனம். அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனின் அங்கத்தவர் சேர்க்கை என்னும் இவ்விஷயத்திற் பிறநாட்டுச் சங்கங்களின் நடைமுறைகளை ஆராய்வோர்கூட இதனிலுஞ் சிறந்த ஏற்பாட்டைக் காண்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. கந்தபுராணம் கோயிலிலே பல நாள் தொடர்ந்து படிக்கப்படும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் சொற்களைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பது பயன் சொல்பவருக்கு இடமாகும். பயன் சொல்பவர் இடறினால் வாசிப்பவர் அவ்வடியை மீட்டும் வாசித்து நினைவூட்டுவார். சபையோர் நடுவே முதிர்ந்த வித்துவான் ஒருவர் இருந்து கேட்பார். அவர் தலையசைத்தல் பட்டம். அவர் ஒரு கனைப்புக் கனைத்தால் அவ்விடம் பிழை.

இக்கூட்டத்திற் சிறுவன் ஒருவன் எங்ஙனம் நுழைந்தான்? முதல் வருஷம் விளக்குத் தூண்டுவான். ஏடு சுமந்து வருவான். பூவும் விபூதித் தட்டும் எடுத்துக்கொடுப்பான். செவியினாற் செய்யுள் தானே ஏறிவிடும். அடுத்த வருஷங்களில், வாசிப்பவர் இளைப்பாறும் வேளையில் இவன் நாலு விருத்தம் வாசிப்பான். பிள்ளையார் கோயிலிலே மார்கழிப் பெருங்கதைக் காலத்திற் பிள்ளையார் கதையும், திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணமும் இவனுக்கு வாய்க்கும். சில வருஷத்தில் இலேசான படலத்துக்குப் பயன் சொல்லப் பணிப்பார்கள். சூரபன்மன் வதை, தெய்வயானையம்மை திருமணம் முதலிய சிறப்புப் படலங்கள் முதிர்ந்தோர்க்கு உரியனவாய் நிற்கும். அவற்றை ஒருநாள் தான் சொல்லவேண்டும் என்னும் ஆசை அவ்விளைஞனைப் பத்து வருஷம் அவ்விடத்தே கட்டிவைக்கும். ஒருவரும் அவனிடம் சந்தா கேட்கவில்லை. ஒருவரும் அவனைத் தெரிவுசெய்யவுமில்லை. ஆயினும் அவன் அவ்விடத்தவன் என்பதை ஊரறியும், அவனும் அறிவான்.

இம்முறையின் உயிர்நிலை எங்கே? சிறுவனுக்கும் முதல்நாளே கையில் ஒரு வேலை உண்டு. அவ்வேலை சிறிதாயினும் இன்றியமையாதது. அவன் ஏறவேண்டிய அடுத்த படி அவன் கண்ணுக்கு முன்னே தெரிகின்றது. அவனைத் திருத்துவோர் அவனறியும் பெரியோரே. திருத்துதலும் எல்லார் முன்னும் மென்மையாக நடக்கின்றது. இனி இக்காலத்துச் சபைக் கூட்டத்தில் 22 வயதுடைய ஒருவர் வந்து பின்வாங்கிலே அமர்ந்தால் அவருக்குக் கிடைப்பது யாது? சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்படும். அதிற் பிழையென்று ஒருவர் எழும்புவார். பிழையன்று என்று மற்றொருவர் எழும்புவார். தனாதிகாரியின் கணக்கில் 350 ரூபா எங்கே போயிற்று என்பது ஒருமணி நேரம் ஆராயப்படும். பிரசங்கம் இருக்குமாயின் அதற்கு முன் வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, பின் நன்றியுரை. நன்றியுரை பிரசங்கத்தினும் நீண்டதை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவ்விளைஞர் மறுமுறை வாராமைக்கு நாத்திகம் பரவியதே காரணமென்று அடுத்த கூட்டத்திலே தீர்மானம் நிறைவேறும்!

காலத்தின் கொடுமையையும் நாம் மறந்திலேம். சைவப் பிள்ளைகளைத் திரட்டித் தந்த சைவப் பாடசாலைகள் 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசினர் வசமாயின. 1923 இலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் நாட்டி வளர்த்த பாடசாலைகளும் அவற்றுள் அடங்கும். அதுவரை சபையும் பாடசாலையும் ஒரே வீட்டின் இரு அறைகள் போலிருந்தன. உபாத்தியாயரே காரியதரிசியாகவும் மாணாக்கரே தொண்டராகவும் இருந்தனர். அத்தொடர்பு அறுந்தபின் அதற்கீடாக வேறொரு வழியைச் சபைகள் பல தேடவேயில்லை. பின்னர் 1983 தொட்டு 2009 வரையும் யுத்தம். 1995 இலே ஊரோடு ஊர் பெயர்ந்தது. ஏடுகளும் பதிவுப் புத்தகங்களும் அழிந்தன. மக்கள் உலகெங்குஞ் சிதறினர். எஞ்சிய பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையுந் தனியார் வகுப்பாகிவிட்டது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் வெளிநாடு சென்ற நம்மவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கோயிலெடுத்துத் திருவிழா நடாத்துகின்றனர்; இங்கேயும் சந்நிதியானுக்குக் காவடியெடுக்க இளைஞர் குறைந்திலர்; கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவார் தொகையுங் குறையவில்லை. பக்தி வற்றிவிடவில்லை. அது சபை வாயிலுக்கு வருவதற்கு வாய்க்கால் இல்லை என்பதே குறை.

ஆகவே ஆட்களைத் தேடவேண்டிய இடம் தொண்டு நடக்கும் இடமேயாம். அப்பூதியடிகள் திங்களூரிலே திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாற் காணுமுன்னரே அவர் பெயராற் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். அதைக் கண்டே நாயனார் அவர் மனைக்குச் சென்றார். தண்ணீர்ப்பந்தலே இருவரையும் கூட்டிவைத்தது. திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப்பந்தலில் நிற்கும் பிள்ளைகளின் பெயரை எழுதிவைக்கும் சபை எத்தனை? திருவிழா முடிந்தபின் அவர்களை அழைத்து, உங்கள் தொண்டு கண்டு மகிழ்ந்தோம், வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வாருங்கள் என்று ஒரு பெரியவர் நேரிற் சென்று சொன்னாற் போதும். அச்சிட்ட அழைப்பிதழ் இதனைச் செய்யாது. கைத்தொலைபேசிக் குழுவில் இடும் அறிவித்தலுஞ் செய்யாது. அதனை இருநூறு பேர் பார்ப்பர்; தன்னையே அழைத்ததாக ஒருவருங் கருதார்.

இனித் தகுதியைப் பற்றிச் சில கூறுவாம். சைவசித்தாந்தத்திலே சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்பர். ஆன்மாக்களின் பக்குவத்துக்கேற்ப அருள் பதிதலும் வேறுபடும் என்பது இதன் கருத்து. தீக்கையும் சமயம், விசேடம், நிருவாணம் எனப் படிமுறையாய் நிற்கின்றது. இந்நூன்முறையை நன்கு கற்றவரே சபைக்கு வரும் இளைஞர் வாசலிற் கால் வைக்குமுன் சிவஞானபோதத்தைப் பற்றி வினாவுவாராயின் அது வியப்பன்றோ? வாசலிற் கேட்கவேண்டியவை சிலவே. சிவபெருமானே முழுமுதற் கடவுள் என்று வழிபடுகின்றாரா. விபூதி தரிக்க நாணுகின்றாரா. புலாலையும் மதுவையும் விட்டாரா, அன்றேல் விடுவதற்கு முயல்கின்றாரா. சொன்ன நேரத்துக்கு வருபவரா. பிறருடன் கூடி ஒரு வேலையை முடிக்கவல்லவரா. இவற்றுள் இறுதியிரண்டும் சமயக் கேள்வியல்லவே என்று சிலர் கூறக்கூடும். சபையை உடைத்தவர்கள் தத்துவம் தெரியாதவர்களல்லர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. புலாலை விட முயல்வார் என்று நாம் எழுதியதைக் குறித்தும் ஆட்சேபம் வரும். உத்தியோகம் வகிப்போர்க்கு முற்ற விடுதலை வேண்டுவதே முறை. படியில் ஏறத் தொடங்கியவரைப் படியின் உச்சியில் நில்லென்று சொல்லுதல் முறையன்று.

விலக்கவேண்டியோரை அறிவதும் அரிதன்று. சேரும்போதே எந்தப் பதவி காலியாகும் என்று கேட்பவர். அரசியற் கட்சிக்கு மேடை தேடுபவர். வேறொரு சபையைப் பிளந்துவிட்டு வந்து, அங்குள்ளோர் அனைவருங் கெட்டவர் என்று கூறுபவர். இம்மூன்றாமவரை நாம் மிகவுஞ் சேர்த்துக்கொள்கின்றோம். மற்றச் சபையின் இரகசியங் கேட்க இனிதாயிருக்கின்றது போலும். ஆயினும் சமயத்தை விட்டுப்போய் மீண்டு வருவோரை இவர்களோடு வைத்தெண்ணலாகாது. திலகவதியார், தம்பியார் புறச்சமயம் புகுந்து தருமசேனராய் இருந்த காலமெல்லாம் திருவதிகையிலே திருவலகிட்டுக்கொண்டு காத்திருந்தார்; வந்தபோது விபூதி கொடுத்து உள்ளே அழைத்துச் சென்றார். விசாரணை ஒன்றும் வைத்தாரல்லர். வறுமையாலும் நோயாலும் வேறிடஞ் சென்று மீளும் குடும்பங்கள் நமது ஊர்களிலே பல. அவர்கள் அங்கே சென்றபோது நோயாளியின் கட்டிலருகே வந்திருந்தவர் யாவர், நாம் எங்கே இருந்தோம் என்று கேட்டுக்கொண்டால், அவர்கள்மேற் சினம் எழாது.

இவற்றையெல்லாம் பிரமாணமாக எழுதுவதாயின் நாம் சொல்லக்கூடியது இதுவே. சேர விரும்புவோரை ஏற்கெனவே அங்கத்தவராயுள்ள ஒருவர் கூட்டிவருதல் வேண்டும். கையொப்பமிட்டதோடு அவர் கடன் தீர்வதன்று. ஒரு வருஷம் அவரே பொறுப்பாளி. புதியவர் ஆறு மாதம் பார்வையாளராய் வருவார். அக்காலத்துள் ஒரு தொண்டை, அது திருமுறை முற்றோதலாயினும் சிரமதானமாயினும் ஆகுக, தொடங்கி முடித்தவராய் இருத்தல் வேண்டும். அதன்பின் நிர்வாக சபை ஏற்றுக்கொள்ளும். தெரிவிலே கை உயர்த்தும் உரிமை, ஏற்கப்பட்டு ஒரு வருஷங் கழிந்தபின்னரே உண்டாகும். இவ்வொரு விதி இருக்குமாயிற் பொதுக்கூட்டத்துக்கு முந்திய மாதத்திலே திடீரென்று பெருகும் சமயாபிமானம் தானே அடங்கிவிடும். சந்தாவைச் சிறிதாக்குக, மாணவருக்கும் நாட்கூலி செய்வோர்க்கும் இன்னுஞ் சிறிதாக்குக, ஆயினும் அதை அவரவரே கட்டுதல் வேண்டும், பிறர் கட்டலாகாது. பிடியரிசி சேர்த்து மடமும் பாடசாலையும் நடாத்திய நாட்டார் நாம். அம்முறையில் ஏழையின் பிடியும் செல்வரின் பிடியும் ஒரே முட்டியில் விழுந்தன. எவர் எவ்வளவு போட்டார் என்று கல்வெட்டு வைக்கப்படவில்லை.

சேர்ந்தோர் நிலைபெறுவது முதல் வருஷத்தைப் பொறுத்தது. அவ்வருஷத்தில் அவருக்குப் பெயர்சொல்லி ஒரு வேலை இருக்கவேண்டும். நான்கு குருபூசையும் நான்கு பேருக்கு வாய்க்கும்: சித்திரைச் சதயம் அப்பருக்கு, வைகாசி மூலம் சம்பந்தருக்கு, ஆனி மகம் மணிவாசகருக்கு, ஆடிச் சுவாதி சுந்தரருக்கு. கார்த்திகை மகத்தில் நாவலர் குருபூசை ஐந்தாவது. ஒவ்வொன்றையும் ஒரு புதியவர் ஒரு பழையவருடன் சேர்ந்து நடாத்தட்டும். முதன்முறை பிழை நேரும். பஞ்சாமிர்தம் போதாமற் போகும், பிரசங்கியார் வரும் நேரம் தவறும். போகட்டும். நம் பெரியோர்கள் பிழையில்லாமல் நடாத்திய குருபூசைகளுக்கு வந்தோர் எத்தனை பேரென்பதும் நமக்குத் தெரியும்.

பழையவர்கள் வழிவிடுதல் இதனினுங் கடினம். 25 வருஷம் தலைவராய் இருந்தவரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. யுத்த காலத்திலே விளக்கை அணையாமற் காத்தவர்கள் அவர்களே. இளையோர் வரவில்லையே, வந்தால் உடனே கொடுத்துவிடுவேன் என்று அவர்கள் மெய்யாகவே சொல்லுகின்றனர். பதவி வெறிதாகாமையால் இளையோர் வருவதில்லை. இளையோர் வாராமையாற் பதவி வெறிதாவதில்லை. இச்சுழலை அறுக்கத்தக்கவர் பதவியில் இருப்பவரே. வெளியே நிற்பவரால் இயலாது. தலைவர் மூன்று வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கலாகாதென்று விதி செய்து, விலகுவோரைப் புராணபடனத்து முதிர்ந்த வித்துவானைப் போல நடுவே இருத்தி, ஆலோசனை கேட்டல் தகும். கனைக்கும் உரிமை அவருக்கு என்றும் உண்டு.

வாராதொழிந்தோரைத் தேடிச் செல்லும் வழக்கம் நம்மிடையே இல்லை. மூன்று கூட்டத்துக்கு வாராதவர் அங்கத்துவம் இழப்பார் என்னும் விதி பல சபைகளில் உண்டு. மூன்று கூட்டத்துக்கு வாராதவர் வீட்டுக்கு ஒருவர் சென்று விசாரிப்பார் என்னும் விதியை எங்குங் காணோம். சென்று பார்த்தால் தாயார் நோயுற்றிருப்பார். அல்லது தொழில் போயிருக்கும். அல்லது கூட்டத்திலே ஒருவர் சொன்ன ஒரு சொல் முள்ளாய்த் தைத்திருக்கும். முதலிரண்டுக்கும் சபையால் இயன்ற உதவி உண்டு. மூன்றாவதற்கு, அச்சொல்லைச் சொன்னவரையே உடனழைத்துச் செல்லுதல் நன்று. அங்கத்தவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் திருவாசகம் ஓதச் சிலர் செல்லுதல் இன்னுஞ் சில ஊர்களில் நடக்கின்றது. அந்தியேட்டியோடு அதனை நிறுத்திவிடாது, ஒரு மாதங் கழித்து, வந்த உறவினரெல்லாம் போனபின், மறுபடியும் இருவர் செல்வாராயின் அக்குடும்பத்துப் பிள்ளைகள் அதனை மறவார்.

பிறநாடு சென்ற அங்கத்தவர்களின் பெயரை என்ன செய்வது என்று அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். அவர்களைப் பதிவிலே வைத்தால் நடப்பெண் நிரம்பாது. நீக்கினால் மனம் வருந்துவர். வேறொரு பக்கத்தில் அவர்களைத் தொலைவிடத்து அங்கத்தவர் என்று எழுதி, தெரிவுரிமையின்றி வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் பணம் மாத்திரம் கேட்காது, அவர்கள் சிறுவராய் இருந்த காலத்தில் இச்சபையில் யார் யார் புராணம் படித்தனர், எந்தப் பண்ணிசை ஆசிரியர் வந்தார், எந்த மடம் எங்கே இருந்தது என்பவற்றை எழுதி அனுப்பும்படி கேட்கலாம். யுத்தத்தில் அழிந்த பதிவேடுகளின் பெரும்பகுதி இன்று அவர்கள் நினைவில் மாத்திரமே இருக்கின்றது. அவற்றைப் படியெடுத்துக் கட்டிவைக்கும் வேலையை இவ்வருஷம் புதிதாகச் சேரும் இளைஞர் இருவரிடம் ஒப்புவித்தல் வேண்டும். கடிதம் எழுதவும் மறுமொழி வாங்கவும் கணனியிற் பதியவும் அவர்களே வல்லவர்கள். கேட்கவேண்டிய பெயர்களைச் சொல்லிக்கொடுக்கப் பின்வாங்கில் அன்று முன்வாங்கில் இருந்த பெரியோர் சிலர் இன்னும் உளர். வருகின்ற ஆடிச் சுவாதிக்கு முன் முதற் கடிதம் போகட்டும்.